முதலில் தொகையைச் சொல்

இயேசு மரி சூசை துணை

குருநகர்,
யாழ்ப்பாணம்.
12.11.2024

அன்பு மகள் துஷாந்தினிக்கு,

மாதாவின் கிருபையால் நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகன் கிறிஸ்ரோபரும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பேர்கன் குளிரில் தடிமன், இருமல் இல்லாமல் இருக்கவேண்டுமென்று செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். மனதளவில் சுகமா என்று கேட்டால் அதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ எப்போதும் சமைத்துக்கொண்டோ பஸ்சுக்கு ஓடிக்கொண்டோதான் கதைக்கிறாய், நான் விஷயத்துக்கு வருவதற்குள் சின்னவன் போனைப் பறித்துப் பூனையைக் காட்டச் சொல்வான், நானும் பூனையைக் காட்டிவிட்டு வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ என்னை இடையில் வெட்ட முடியாது. மகனைப் பார்க்க ஒஸ்லோவுக்குப் போகிற நம் கோயில் பங்கைச் சேர்ந்த அம்மா ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன், தனியாக இருக்கும்போது பிரித்துப் படி.

இங்கே மழை தொடங்கிவிட்டது. குசினிக் கூரை போன வருடம் ஒழுகிய அதே இடத்தில்தான் ஒழுகுகிறது, திருத்த வந்தவன் ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டுக் காசையும் வாங்கிக்கொண்டு போனவன், இப்போது போன் எடுத்தால் எடுக்கிறானில்லை. அப்பாவின் முழங்கால் மழைக்கு இன்னும் மோசம். நீ அனுப்பிய கறுப்புப் பட்டியைப் போடச் சொன்னால் அது இறுக்குதாம், போடாவிட்டால் நோகுதாம், இரண்டையும் நான்தான் கேட்கவேண்டும்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். உங்கள் நலன்புரிச் சங்கத்தில் நீங்கள் அங்கே மேசையைச் சுற்றியிருந்து தீர்மானம் எடுத்தீர்கள், ஊரில் சனம் கடனில் தாழுகிறது, பிள்ளைகளுக்கும் தாய்தகப்பனுக்கும் சேர்த்துக் காசைக் கையாளப் படிப்பிக்கவேண்டுமென்று. நல்ல தீர்மானம்தான். ஆனால் அம்மா ஓய்வுபெற்ற கொமர்ஸ் ரீச்சர், வீட்டில் சும்மாதானே இருக்கிறா என்று என் பெயரைக் கொடுத்தாயே, நான் சும்மா இருப்பதை நீ எந்த நாளில் கண்டாய்? நான் சம்மதம் சொல்வதற்கு முன்னமே பங்குத்தந்தை ஞாயிறு பூசை முடிய அறிவித்தலும் வாசித்துவிட்டார். பிறகு நான் எங்கே மறுப்பது.

நீங்கள் நோர்வீஜிய மொழியிலிருந்து மாற்றி அனுப்பிய படங்களை முதல் ஞாயிறு பங்கு மண்டபத்தில் திரையில் போட்டேன். பனிக்குல்லா போட்ட ஒரு குடும்பம், மின்சாரக் கார், மலையில் ஒரு விடுமுறை வீடு. முதல் கேள்வி, உங்கள் ஓய்வூதிய நிதியை எதில் முதலீடு செய்கிறீர்கள் என்று. பின்வரிசையில் இருந்த ஒரு தொழிலாளி எழும்பி, "ரீச்சர், போன கிழமை விட்ட வலையையே றோலர்ப் படகு அறுத்துக்கொண்டு போட்டுது, நான் எதிலை முதலிடுறது?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்ததை உன் சங்கத்தாருக்குச் சொல்லாதே. அடுத்த கிழமை அந்தப் படங்களை மூடிவைத்துவிட்டு எனக்குத் தெரிந்தபடி படிப்பித்தேன். கடல் தருகிற மாதம், தராத மாதம் என்று கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, தருகிற மாதத்தில் எவ்வளவை எடுத்து வைத்தால் தராத மாதத்தில் அடுப்பு எரியும் என்று அவர்களையே கணக்குப் பார்க்க வைத்தேன். கிழமைக் கடன் எடுத்த பெண்களிடம், கட்டி முடிக்கும்போது எடுத்ததைவிட எவ்வளவு கூடக் கட்டியிருப்பீர்கள் என்று பிள்ளைகளைக் கொண்டு கூட்டிச் சொல்லவைத்தேன். ஒருத்தி அந்தக் கணக்கைப் பார்த்து, கடன் தந்தவனைவிட்டுக் கணக்குப் பார்த்த மகனை ஏசினாள். ஆனாலும் வந்தார்கள். முதலில் தேத்தண்ணிக்கும் பணிசுக்கும் வந்தவர்கள் பிறகு காதைக் கொடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்ததோ தெரியாது.

லூர்த்தம்மாவை உனக்கு அவ்வளவாக ஞாபகமிராது, நீ போன பிறகுதான் அவள் நம் ஒழுங்கைக்குக் குடிவந்தாள். புருஷன் கடலில் போனவன் திரும்பவில்லை, அவளும் தாலிக்கொடியைக் கழற்றவில்லை. நண்டு பதனிடும் இடத்தில் வேலை செய்து ஒரே மகள் கஜந்தினியைப் படிப்பிக்கிறாள். புருஷனுக்காக மீனவர் சங்கத்தால் கிடைத்த காசைத் தாயும் மகளும் சேர்ந்து கையெழுத்து வைத்தால்தான் எடுக்கலாம் என்று வங்கியில் போட்டிருக்கிறாள், பிள்ளையின் மேற்படிப்புக்கென்று. இரண்டு பேரும் ஒரு வகுப்பும் தவறவிடாமல் முன்வரிசையில் வந்து இருப்பார்கள். பிள்ளை வாயைத் திறக்காது, ஆனால் கண் மட்டும் கரும்பலகையை விட்டு எடுக்காது.

புரட்டாதி கடைசியில் ஒரு ஞாயிறு, ஏமாற்றுத் திட்டங்களைப் பற்றிப் படிப்பித்தேன். காசை எங்களிடம் தாருங்கள், மாதாமாதம் அள்ளித் தருகிறோம், இன்னும் ஆட்களைச் சேர்த்துவிட்டால் இன்னும் தருகிறோம் என்று எவர் சொன்னாலும் நம்பவேண்டாம், உங்களுக்குத் தருகிற காசு பிறகு சேருகிறவனுடைய காசு, சேருகிறவர்கள் நின்ற நாளில் எல்லாம் நிற்கும் என்று விளங்கப்படுத்தினேன். வழக்கமாகக் கேள்வி கேட்கிற ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் நிலத்தைப் பார்த்துச் சிரித்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். லூர்த்தம்மாதான் எழும்பினாள். "ரீச்சர், கோவிக்காதேங்கோ. நீங்கள் சொல்லுறது சரியாயிருக்கும், ஆனா உங்கடை மனிசனும் அந்தப் போன் கொம்பனியிலை போட்டிருக்கிறார்தானே. கனிசியஸ் அண்ணைதானே எங்களைச் சேர்த்துவிட்டவர்" என்றாள்.

பிள்ளை, நான் பள்ளிக்கூடத்தில் எத்தனை வருடம் படிப்பித்தேன், ஒரு வகுப்பிலாவது சோக்குக்கட்டி கையிலிருந்து விழவில்லை. அன்றைக்கு விழுந்தது. இன்னும் ஆர் ஆர் போட்டீர்கள் என்று கேட்டேன். ஏழெட்டுக் கை எழும்பியது. அதில் ஒருவர் எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, "ரீச்சற்றை வீட்டிலையே போட்டிருக்கெண்டால் பிறகென்ன பயம் எண்டுதான் நாங்களும் போட்டனாங்கள்" என்றார். நான் மாதக்கணக்காக அவர்களிடம் சம்பாதித்த நம்பிக்கையை உன் அப்பா எனக்குத் தெரியாமல் எடுத்துச் செலவழித்திருக்கிறார். அன்று வகுப்பை எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்தால் அப்பா முற்றத்துக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருக்கிறார். கேட்டேன். ஒளிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பெருமையாகப் போனை நீட்டிக் காட்டினார், ஒவ்வொரு நாளும் ஒரு பொத்தானை அழுத்தவேண்டுமாம், அழுத்தினால் தொகை கூடுமாம், எல்லாம் டொலரில். "இஞ்சாரும் மார்கிரட், உதெல்லாம் உம்மடை கொமர்ஸ் புத்தகத்திலை இல்லை. இப்ப காசு வேலை செய்யுது, மனிசர் வேலை செய்யத் தேவையில்லை" என்றார். யாழ்ப்பாண ரவுணில் ஒரு விடுதியில் கூட்டம் வைத்து, கோழிப் புரியாணியும் கொடுத்து, கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பெடியன் விளங்கப்படுத்தினவனாம். நீ அப்பாவின் போட் எஞ்சினைத் திருத்தவென்று அனுப்பிய காசைத்தான் முதலில் போட்டிருக்கிறார். எஞ்சின் திருத்தியாகிவிட்டது என்று எனக்கும் சொன்னார், உனக்கும் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்காமல் நம்பினோம். முதல் மாதம் உண்மையாகவே கொஞ்சக் காசு திரும்பி வந்திருக்கிறது. அதில்தான் எனக்குப் பிறஷர் குக்கர் வாங்கித் தந்தவர், பழைய வலை விற்ற காசு என்று சொல்லி. நானும் ஊரெல்லாம் காட்டினேன்.

போட்டதை எல்லாம் இப்பவே என் கண்முன்னே எடுத்துக் காட்டுங்கோ என்றேன். எடுக்கப் பார்த்தார். எடுப்பதற்கு முன் வரி கட்டவேண்டும் என்று போனில் வந்தது. நம் காசை நாம் எடுக்க, நாம்தான் இன்னும் காசு போடவேண்டுமாம். அதைப் பார்த்தாவது புத்தி வந்திருக்கவேண்டாமா? அப்பா என்ன சொன்னார் தெரியுமா, கலியாண மோதிரத்தை அடகு வைத்து வரியைக் கட்டிவிட்டால் எல்லாம் வந்துவிடுமாம். நான் மோதிரத்தைக் கழற்றி வாங்கி என் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் சுவாமியார் மந்திரித்துத் தந்த மோதிரத்தை நானே அவர் விரலிலிருந்து கழற்றவேண்டி வந்ததே என்று பிறகு குசினிக்குள் நின்று அழுதேன். அவர் என்னோடு கோபித்துக்கொண்டு தன் தங்கச்சி வீட்டில் போய்ச் சாப்பிட்டார். அங்கே கறிக்கு உப்புக் கூடவாம், அதையும் வந்து என்னிடம்தான் சொன்னார்.

நான் சும்மா இருக்கவில்லை. கை தூக்கியவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், இனி ஒரு சதமும் போடாதீர்கள், எடுக்க முடிந்தால் எடுங்கள் என்று சொன்னேன். சிலர் கேட்டார்கள். சிலர், ரீச்சருக்கும் மனிசனுக்கும் ஏதோ பிரச்சினை, அதுதான் இப்படிச் சொல்கிறா என்று கதைத்தார்களாம். லூர்த்தம்மா வீட்டுக்குப் போனபோது தாயும் மகளும் முகம் பார்க்காமல் இருந்தார்கள். கேட்டால், லூர்த்தம்மா தன் தாலிக்கொடியை அடகு வைத்து ஏற்கெனவே போட்டாயிற்று, இப்போது வங்கிக் காசையும் எடுத்துப் போடவென்று மகளைக் கையெழுத்துக் கேட்க, பிள்ளை மாட்டேன் என்று நிற்கிறது. "நாலு நாளா இவள் என்னோடை கதைக்கிறாளில்லை ரீச்சர், அடிச்சும் பாத்தன்" என்று லூர்த்தம்மா எனக்கு முறைப்பாடு சொன்னாள். கஜந்தினி அப்போதுதான் முதல்முறையாக என் முன்னால் வாய் திறந்தாள். "அப்பா செத்துத் தந்த காசு. ஆர் தாறாங்கள், எங்கையிருந்து தாறாங்கள் எண்டு சொல்லட்டும், நான் வைக்கிறன் கையெழுத்து. அம்மாவுக்கும் தெரியாது, கனிசியஸ் மாமாவுக்கும் தெரியாது" என்றாள். நான் அந்தப் பிள்ளைக்குப் படிப்பித்ததில் அது எவ்வளவு, அதன் சொந்தப் பிடிவாதம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தாய்க்கு முன்னால் பிள்ளையைப் புகழக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

ஐப்பசி நடுவில் ஒருநாள் விடிய அப்பா போனைத் திறந்தார், கொம்பனி திறக்கவில்லை. போனை நிற்பாட்டிப் போட்டார், திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் போனிலும் திறக்கவில்லை. கழுத்துப்பட்டிப் பெடியனின் இலக்கம் பாவனையில் இல்லையாம். பத்து மணிக்குள் எங்கள் கேற்றடியில் ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்பாவோடு ஒரே போட்டில் கடலுக்குப் போன ஆட்கள், பிள்ளை. அதில் ஒருவர் நீ என்னை ஏன் சேர்த்தாய் என்று அப்பாவின் சேட்டுக் கொலரைப் பிடித்துவிட்டார். அப்பா அவருடைய கையைத் தட்டிவிடவில்லை. நான்தான் நடுவில் போய் நின்றேன். லூர்த்தம்மா சத்தம் போடவில்லை, கேற்றுக்கு வெளியே மதிலோடு சாய்ந்து நின்று வெறுங்கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள். அந்தச் சேட்டைப் பிடித்ததைவிட அதுதான் அப்பாவுக்குச் சுட்டது என்று நினைக்கிறேன். பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம், எல்லாருடைய பெயரையும் சேர்த்து நானே எழுதிக் கொடுத்தேன். பதிந்திருக்கிறார்கள். காசு திரும்பி வரும் என்று எவரும் சொல்லவில்லை, நானும் நம்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை பங்குத்தந்தையிடம் போய், ஞாயிறு வகுப்பை நிற்பாட்டப்போகிறேன் என்று சொன்னேன். என்ன முகத்தோடு போய்ப் படிப்பிப்பது? அவர் வயதுக்குச் சின்னவர், ஆனால் அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, "ரீச்சர், இனித்தான் சனத்துக்கு வகுப்பு வேணும்" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து அப்பாவுக்குக் கேட்கட்டுமென்று உரக்கவே புறுபுறுத்தேன். நாளைக்கு நான் அந்தச் சனத்துக்கு முன்னால் நின்று என்ன சொல்ல, நீங்கள் செய்த வேலைக்கு நான் மறுமொழி சொல்லவேண்டியிருக்கு என்றேன். மறுநாள் நான் மண்டபத்துக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டிருக்க, அவர் கிறிஸ்மசுக்குத் தைத்த வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி வருகிறார். அந்தக் கறுப்புப் பட்டியும் போட்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் வந்து, "நீர் இரும், நான் கதைக்கிறன்" என்றார்.

அவர் கதைத்ததை உனக்கு எழுதவேண்டும், ஏனென்றால் அவர் தானாக உனக்குச் சொல்லமாட்டார். "நான்தான் உங்களைச் சேர்த்தனான். ஒரு ஆளைச் சேர்த்தால் எனக்குக் கமிசன் வந்தது, அதையும் நான் உங்களுக்குச் சொல்லேல்லை" என்று தொடங்கினார். பேச்சு எழும்பியது, ஆட்கள் ஏசினார்கள். ஏசி முடியும்வரை நின்றார். பிறகு சொன்னார். "முழங்கால் போனதுக்குப் பிறகு நான் கடலுக்குப் போகேல்லை. மகள் அனுப்புறா, மனிசிக்குப் பென்சன் வருது, நான் சாப்பிடுறன். தேத்தண்ணிக் கடைக்குப் போறதுக்கும் மனிசியிட்டைக் கேக்கோணும். முதல் மாதம் அந்தக் காசு வந்தபோது எனக்கு எப்பிடி இருந்ததெண்டால், திரும்பவும் கடலுக்குப் போய்க் கரைக்கு வந்த மாதிரி இருந்தது. அதுக்குப் பிறகு அது பொய்யெண்டு ஆர் சொன்னாலும் எனக்குக் கேக்க விருப்பமில்லை." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அந்த இடத்தில் இருக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறேன், அவர் தேத்தண்ணிக் காசு கேட்கும்போதெல்லாம் எடுத்துத்தான் கொடுத்தேன், அவர் கேட்பதற்கு எப்படிக் கூசினார் என்று எனக்குத் தெரியவில்லையே.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான வகுப்பு. ஒரு பெண் எழும்பி, தன் புருஷனுக்குத் தெரியாமல் மகளின் காப்பை அடகு வைத்துப் போட்டதாகச் சொன்னாள். புருஷன் பக்கத்தில்தான் இருந்தான். அவன் கோபத்தில் வெளியே போனான், பிறகு திரும்பி உள்ளே வந்தான், தானும் அவளுக்குத் தெரியாமல் போட்டதாகச் சொன்னான். சனம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தது. ஒவ்வொருவராகச் சொன்னார்கள், எவ்வளவு, எங்கே எடுத்தது, வீட்டில் ஆருக்குத் தெரியாது என்று. பிள்ளைகள் தாய்தகப்பனைப் புதினமாகப் பார்த்தன. நான் கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. ஆர் எதை முதலில் கட்டவேண்டும், எதை மீட்கவேண்டும், எந்தக் கடனை இனித் தொடக்கூடாது என்று ஒவ்வொரு குடும்பத்தோடும் இருந்து கதைத்தோம். இன்னும் அதுதான் நடக்கிறது. கஜந்தினி தன் தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள், தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் கேட்டு அப்பா திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதே. அந்தக் கிழமையே எனக்கு ஒரு சொல் சொல்லாமல், நீ வாங்கிக் கொடுத்த எஞ்சினை விற்றுவிட்டார். திருத்தாத எஞ்சின், வாங்கினவன் அரைவிலைக்குக் கேட்டிருக்கிறான், இவர் சரி என்றிருக்கிறார். அந்தக் காசில் லூர்த்தம்மாவின் தாலிக்கொடியை மீட்டு, கொண்டுபோய் அவளின் கையில் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். கொடுத்தது சரி, நான் தடுத்திருக்கமாட்டேன். ஆனால் என்னிடம் கேட்டிருந்தால் முதலில் திருத்திவிட்டு விற்கச் சொல்லியிருப்பேன், இன்னும் இரண்டு வீட்டுக்காரருக்காவது ஏதாவது கொடுத்திருக்கலாம். காசு விஷயத்தில் வீட்டில் கதைக்காமல் நாசமானார், திருத்த வெளிக்கிட்டதும் கதைக்காமல்தான். இந்த மனிசனை நான் என்ன செய்வது? மற்றவர்களுக்கு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதென்று இப்போது என்னோடு கதைத்து முடிவெடுத்திருக்கிறார். மீனவர் சங்கத்தில் விடிய மீன் நிறுக்க ஆள் தேவையென்று கேட்டார்கள், இருந்து செய்கிற வேலை, போகிறார். முதல் சம்பளத்தில் தேத்தண்ணிக்கென்று ஒரு பங்கை எடுத்து வைக்க நான்தான் சொன்னேன். மோதிரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இனி உன் விஷயம். இவ்வளவும் எழுதியது இதற்காகத்தான். போன வெள்ளிக்கிழமை காலமை நான் மீன் வெட்டிக்கொண்டிருக்க அப்பா பக்கத்தில் வந்திருந்து வெங்காயம் உரித்தார். வெங்காயம் உரிக்கிற ஆள் இல்லையே என்று பார்த்தேன். "மார்கிரட், நான் சேர்த்த ஆக்களிலை ஒராளை அண்டைக்கு மண்டபத்திலை சொல்லேல்லை" என்றார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நீதான் அது என்று நினைக்கவே எனக்கு வரவில்லை. நீ அங்கே சங்கத்தில் எழும்பி நின்று, குடும்பத்துக்குள் காசை ஒளிக்கக்கூடாது என்று சொல்லித்தானே எங்களுக்கு வகுப்பு வைக்கத் தொடங்கினீர்கள்! கிறிஸ்ரோபர் இரவும் பகலும் பஸ் ஓட்டி, வீடு வாங்க முற்பணமென்று இரண்டு பேரும் சேர்த்த காசிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறாய், அவருக்குத் தெரியாது. எவ்வளவு என்று அப்பா சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை, எழுதக் கை வரவில்லை.

எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். உனக்கு அங்கே சட்டம் தெரியும், வங்கி தெரியும், எனக்கு அனுப்பிய படங்களில் ஏமாற்றுத் திட்டத்துக்கே ஒரு பக்கம் இருந்தது. ஏன் போட்டாய் என்று அப்பாவைக் கேட்டேன். "நான் கேட்டனான். என்ரை சந்தோசத்துக்காகத்தான் பிள்ளை போட்டது, தனக்கு நம்பிக்கையில்லை எண்டும் சொன்னது" என்றார். அதைக் கேட்டபிறகு எனக்கு உன்னை ஏசவும் முடியவில்லை. ஆனால் பிள்ளை, அப்பாவின் சந்தோசத்துக்குக் கொடுப்பதென்றால் அப்பாவுக்கென்று கொடு. கிறிஸ்ரோபரிடம் சொல்லிவிட்டுக் கொடு. அவர் மறுக்கிற ஆள் இல்லை, நம் கூரைக்கு ஓடு போட உனக்கு முன்னமே காசு அனுப்பிய மனிசன்.

அவரிடம் சொல்லவேண்டும். நான் சொல்லமாட்டேன், அப்பாவையும் சொல்லவிடமாட்டேன், இது உன் வாயால் வரவேண்டியது. வீடு பார்க்கப் போகிறோம் என்று போன கிழமை நீ சொன்னாய், வங்கியில் போய் இருந்து அவர் கணக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைப்போல் ஒரு கேவலம் உங்களுக்குள் வரக்கூடாது. மண்டபத்தில் இத்தனை பேர் சொன்னதை நான் பார்த்துவிட்டேன், அதனால் எப்படிச் சொல்வதென்று உனக்குச் சொல்கிறேன். பிள்ளைகள் இருக்கும்போது சொல்லாதே, அவர் வேலையால் களைத்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதும் சொல்லாதே. முதலில் தொகையைச் சொல். முழுத் தொகையையும் ஒரே தரத்தில் சொல், காரணத்தைப் பிறகு சொல். அன்றைக்குக் காரணத்தில் தொடங்கினவர்கள் எல்லாரும் தொகைக்கு வரும்போது குறைத்துத்தான் சொன்னார்கள், பிறகு இரண்டாந்தரம் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. அந்த இரண்டாந்தரத்தைத்தான் வீட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை. அப்பா கேட்டார் என்று தொடங்காதே, நான் செய்தேன் என்று தொடங்கு. அவர் கோபித்தால் கோபிக்கட்டும், கதவை அடித்துச் சாத்தினால் சாத்தட்டும், நீ வீட்டிலேயே இரு. உன் அப்பா சாப்பாட்டுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போன மாதிரி எவரும் எங்கும் போகவேண்டாம்.

இனிமேல் அப்பா உன்னிடம் காசு கேட்டால் எனக்கும் ஒரு செய்தி போடு, நான் கேட்டால் அப்பாவுக்கும் போடு. ஒளிவுமறைவு எவ்வளவு செலவு பிடித்த விஷயம் என்று இப்போது நம் மூன்று பேருக்கும் தெரியும். உன் சங்கத்தாருக்கு, படங்கள் வேண்டாம், தேத்தண்ணிச் செலவு மட்டும் போதும் என்று சொல்லு. சின்னவனுக்குக் காதுக்குக் குளிர் படாமல் குல்லா போட்டுவிடு, போன தடவை வீடியோவில் காது சிவந்திருந்தது. பெரியவளுக்கு முதல் நற்கருணைக்கு வெள்ளை உடுப்பு இங்கே தைப்பிக்கட்டுமா, அளவு அனுப்பு, அங்கே வாங்கி வீண் செலவு செய்யாதே.

மாதா உன்னையும் உன் வீட்டையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கவேண்டும். கிறிஸ்ரோபருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர். அவரிடம் சொன்ன பிறகு எனக்கு ஒரு செய்தி போடு, சொல்லிவிட்டேன் என்று மட்டும். அவர் என்ன சொன்னார், நீ அழுதாயா என்று நான் கேட்கமாட்டேன். அந்த ஒரு சொல் வரும்வரை எனக்கு நித்திரை வராது, அதையும் தெரிந்துகொள்.

உன்னைப் பெற்று, இன்னும் உன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்
அம்மா
மார்கிரட் கனிசியஸ்